செம்பனைக் காட்டு இருட்டுக்கு எந்த பல்ப்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரத்தின் தெருவிளக்குகள் முடியும் இடத்தில் செம்பனைக் காடு தொடங்கிவிடுகிறது. அதற்கப்பால் வண்டியின் விளக்குதான் கண். போன மழைக்காலத்தில் ஓர் இரவு, எதிரே வந்த காரின் வெள்ளை ஒளி என் பார்வையை அப்படியே மூடிவிட்டது. அது கடந்து போன பிறகு பார்த்தால், இடது ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தாத்தா என் வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். “எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, தம்பி. அதுதான் அசையாமல் நின்றுவிட்டேன்” என்றார். அன்றிலிருந்து நான் எந்த பல்பைப் பற்றிப் பேசினாலும், எதிரில் வருபவரையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

பழைய புரோட்டான் சாகா, முதல் தலைமுறை பெரோடுவா மைவி போன்ற மலேசியக் கார்களில் இருப்பது எச்4 வகை ஹாலோஜன். ஒரே பல்பில் இரண்டு இழைகள்: தாழ்ந்த ஒளிக்கு 55 வாட், உயர்ந்த ஒளிக்கு 60 வாட். தாழ்ந்த ஒளி தரும் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுப்பதால், விளக்குக் கூட்டின் மேற்பாதி மட்டுமே ஒளியை வாங்கிச் சாலை மீது இறக்குகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சத்துக்கு மேலே கோடு கிழித்தது போல் இருட்டு நிற்பது இதனால்தான். ஒளியின் நிறம் சுமார் 3,200 கெல்வின். மஞ்சள் கலந்தது, சிவப்பு தாராளமாக உள்ளது. செம்மண் திருப்பி அனுப்புவதும் பெரும்பாலும் சிவப்பைத்தான். தோட்டத்துத் தடத்தில் குழியும் மேடும் இந்த ஒளியில் பிரிந்து தெரிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இழைக்குப் பதில் வாயுவில் மின்பொறி எரியும் செனான் விளக்கு 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் கார்களில் வந்தது. 35 வாட்டில் ஹாலோஜனைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ஒளி. பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு ஒளி என்பதால்தான், வண்டியின் சுமைக்கு ஏற்ப விளக்கைத் தானாகத் தாழ்த்தும் அமைப்பும் விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் உடன் வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கூறின. வெளிக்கடையில் வாங்கி ஹாலோஜன் கூட்டில் செருகும் செனானில் இவை இரண்டுமே கிடையாது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அதை அனுமதிப்பதுமில்லை. பழைய வண்டிக்கு இதை நினைக்கவே வேண்டாம்.

இன்று பட்டறைகளில் அதிகம் விற்பது எல்இடி. இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியைப் போல, எல்இடிக்கென்றே கூடு வடிவமைக்கப்பட்ட வண்டியில் அது அருமையான விளக்கு. மின்சாரமும் குறைவு, ஆயுளும் நீளம். ஹாலோஜன் கூட்டில் செருகும் எல்இடி பல்ப் முற்றிலும் வேறு கதை. இழை எந்த இடத்தில், எந்தப் பருமனில் இருக்குமோ அதைக் கணக்கிட்டுத்தான் கூட்டின் வளைவு அமைந்திருக்கிறது. எல்இடி சில்லுகள் ஒரு தட்டையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருக்கின்றன. தட்டை கொஞ்சம் தடித்தாலோ, பல்ப் சற்றே திரும்பியிருந்தாலோ அந்த எல்லைக்கோடு கலைந்து, ஒளி எதிரில் வருபவரின் கண்ணுக்கு ஏறிவிடும். ஓட்டுபவருக்கோ வண்டியின் முன்புறத் தரை பளிச்சென்று வெளுப்பதால் வெளிச்சம் கூடிவிட்டதாகத் தோன்றும். அந்த வெளுப்புக்குக் கண் பழகிப்போக, தூரத்து இருட்டு இன்னும் கறுக்கும். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. போதாதற்கு, எல்இடியின் வெப்பம் அடிப்பகுதியில் தங்குகிறது. அதைத் தணிக்கும் குட்டி விசிறியில் செம்மண் புழுதி ஏறினால் ஆயுள் கணக்கும் பொய்யாகும்.

மஞ்சள் ஒளி பனிமூட்டத்தைக் கிழிக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது; எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோலத்தான் சிதறடிக்கும். ஒளி தாழ்ந்து விழுவதுதான் அங்கே உதவும். ஆனால் நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசவைக்கும் என்பது உண்மை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: நல்ல நிறுவனத்தின் சாதாரண எச்4 வாங்குங்கள். ‘130 விழுக்காடு கூடுதல் ஒளி’ என்று அட்டையில் போட்ட வகையும் சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஒளியும் நன்றாக இருக்கும், ஆனால் சீக்கிரம் எரிந்துபோகும். நீலம் பூசியது வேண்டாம். பூச்சு ஒளியைத்தான் தின்னும். 100 வாட் பல்ப் 8 ஆம்பியருக்கு மேல் இழுத்து, பிளக்கை உருக்கிவிடும். பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ஆகவே துருப்பிடித்த எர்த் கம்பியை மாற்றி பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் விடும் ஒரு ரிலே போடுவது, புதிய பல்பைவிடப் பெரிய மாற்றம் தரும். வெயிலில் மஞ்சளித்த விளக்கு மூடியையும் தேய்த்து மெருகேற்றுங்கள்.

பிறகு சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போடுங்கள். எல்லைக்கோடு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதன் இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறியிருக்கும். நாம் இடப்புறம் ஓட்டுகிறோம். ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர் மீது ஒளி படுவதற்காகவே அந்த ஏற்றம்.