எங்கள் கவுண்டியின் விளைநிலத் திட்டம்: ஐந்துக்கு மூன்றரை

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் வீடு வாங்கியபோது, பின்பக்கத்து மக்காச்சோளக் காட்டைக் காட்டி "இது என்றைக்கும் இப்படியேதான் இருக்கும்" என்றார் வீட்டுத் தரகர். எனக்கு ஈரோட்டுப் பக்கம். எங்கள் ஊரில் மஞ்சள் விளைந்த காட்டில் இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள்தான் நிற்கின்றன. தரகர் பேச்சை நம்பாமல் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். அவர்கள் எடுத்துக் காட்டியது விளைநிலப் பாதுகாப்புத் திட்டம். அப்போதுதான் அதைப் புதுப்பிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்றரை வருடம் கூட்டங்களுக்குப் போனேன், கடைசியில் வந்த அறிக்கையை முழுக்கப் படித்தேன். என் வரிப்பணமும் அதில் இருப்பதால் ஒரு ரிவ்யூ எழுதலாம்தானே? கவுண்டியின் பெயர் மட்டும் வேண்டாம், அக்கம்பக்கம் வாழ வேண்டும்.

முதலில் காசு. இந்தத் திட்டம் தயாரிக்க மாநில வேளாண் துறை கவுண்டிக்கு மானியம் தருகிறது. ஆகும் செலவில் பாதி வரை, அதிகபட்சம் 30,000 டாலர். முன்பணம் கிடையாது. கவுண்டி தன் கையிலிருந்து செலவழித்துவிட்டு, பிறகு கணக்குக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். மீதிப் பாதி எங்கள் தலையில்.

அந்தப் பணத்துக்கு ஒரு காகிதக் கட்டு மட்டும் வந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். 1999இல் இந்த மாநிலம் போட்ட சட்டப்படி, கவுண்டியின் முழுமைத் திட்டத்தில் வீட்டுவசதி, போக்குவரத்து, நிலப் பயன்பாடு என்று 9 பகுதிகள் இருக்க வேண்டும். 10 வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். விளைநிலத் திட்டமும் அதற்குள் ஓர் அங்கமாகச் சேர்ந்துவிடுகிறது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்கிற ஜோனிங் விதிகள் 2010 முதல் இந்த முழுமைத் திட்டத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. அலமாரியில் தூங்குகிற புத்தகம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அறிக்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வரைபடம். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மண்ணின் தரம் என்ன, பக்கத்தில் என்ன இருக்கிறது, சாக்கடைக் குழாய் எவ்வளவு தூரம் என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அந்த முறைக்கு லேசா என்று பெயர், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மண்வளத் துறை கொண்டுவந்தது. பெயரில்தான் லேசு. எந்த அம்சத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்ய மட்டும் மூன்று கூட்டங்கள் ஆயின.

அப்பா அந்தச் சமயம் இங்கே வந்திருந்தார். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்ததும் கண்ணாடியைத் தேடினார்.

"ஏங்கண்ணு, இதுல நஞ்சை புஞ்சை எங்க போட்டிருக்காங்க?"

"அப்படிப் பிரிக்கலைங்கப்பா. மண்ணை வெச்சுத்தான் பிரிச்சிருக்காங்க."

"அதுதான் சரி. தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்."

பிறகு ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. அடங்கல் எழுதிய கை, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டு போனது. இந்த அறிக்கைக்கு அதைவிட நல்ல வாசகர் கிடைத்திருக்க மாட்டார்.

இனி அரை அரையாக நட்சத்திரம் குறைகிற இடங்கள். எழுத்து வேலையை வெளியே ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். முதல் வரைவில் எங்கள் கவுண்டியிலேயே இல்லாத ஒரு ஏரியைக் காப்பாற்றப் போவதாக ஒரு பத்தி இருந்தது. வேறெங்கோ எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். நான் கை தூக்கிச் சொன்னதும் அறையே சிரித்தது, அடுத்த வரைவில் ஏரி வற்றிவிட்டது. அது போகட்டும். கூட்டங்களை மாலை 5:30க்கு வைத்தது யார் யோசனை? மாட்டுப் பண்ணையில் அது பால் கறக்கும் நேரம். யாருடைய நிலத்துக்காகத் திட்டமோ அவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் என்னைப் போல அலுவலகம் முடிந்து வந்த கூட்டம். பால்பண்ணைக்காரர் ஒருவர் கடைசிக் கூட்டத்துக்கு ரப்பர் பூட்ஸோடு வந்து, மூன்று நிமிடம் பேசிவிட்டு, உட்காராமலே திரும்பிப் போனார்.

மூன்றாவது குறைக்குக் கவுண்டியைச் சொல்லிப் பயனில்லை. பாதுகாக்கப்பட்ட நிலத்தை விவசாய ஜோனிங்கிலிருந்து வெளியே எடுத்தால் நில மதிப்பைப் போல மூன்று மடங்கு கட்டணம் கட்ட வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. 2011இல் அந்தக் கட்டணத்தையே நீக்கிவிட்டார்கள். இப்போது விவசாயியைப் பிடித்து வைத்திருப்பது வரிச்சலுகை மட்டும்தான், அந்த ஜோனிங்கில் இருப்பவருக்கு ஏக்கருக்கு 10 டாலர். மனை விற்பவர் எழுதித் தரும் காசோலைக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

சரி, நான் போன காரியத்துக்கு வருகிறேன். அடுத்த 15 வருடத்துக்குள் வேறு வேலைக்கு விடப்போகிற நிலத்தைப் பாதுகாப்புப் பகுதிக்குள் காட்டக் கூடாது என்பது மாநிலச் சட்டம். வரைபடத்தில் அந்தப் பகுதிக்குப் பச்சை நிறம். ஆகவே பச்சை அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று பார்த்தாலே கவுண்டியின் மனசு தெரிந்துவிடும். உங்கள் கவுண்டியிலும் முன்னுரை, நோக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேரே அந்த வரைபடத்துக்குப் போங்கள். கணினித் திரையில் பார்த்தால் ஒன்றும் புரியாது, பெரிய தாளில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பச்சை நிறம் ஓடைக்கு அந்தக் கரையோடு நின்றுவிடுகிறது. இந்தக் கரையில், எங்கள் வேலி வரைக்கும், ஏறக்குறைய 40 ஏக்கர் வெறும் வெள்ளை. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் தரகருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.