கூரை திறந்த காரும் நுவரெலியாக் குளிரும்: எந்த ஜக்கெட்?

கொழும்பில் இருந்துகொண்டு குளிர் ஜக்கெட் பற்றி எழுதினால் சிரிப்பார்கள். வெள்ளவத்தையில் காலை ஏழு மணிக்கே சேர்ட் முதுகோடு ஒட்டிவிடும். ஆனால் கூரை திறக்கும் கார் வைத்திருக்கிற எவரும் ஒருநாள் அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகத்தான் போகிறார். காலி வீதியில் கூரையைத் திறந்தால் கிடைப்பது வெயிலும் பஸ் புகையும்தானே.

என் சிநேகிதனிடம் அப்படியொரு கார் இருக்கிறது, இரண்டே இருக்கைகள் உள்ள ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5. அதில் ஹற்றன் பாதையால் மூன்று முறை ஏறியிருக்கிறோம், மூன்று முறையும் வேறு வேறு உடுப்பில்.

முதலில் குளிர்க் கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை குறையும் என்று வைத்தால், ஏறி முடிக்கும்போது கொழும்பு வெப்பத்தில் 12 பாகை கழிந்திருக்கும். இரவில் 10 பாகைக்கும் இறங்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்புறங்களில் புல்லில் உறைபனியே படியும். 10 பாகைக் குளிரில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேரே பட்டால், தோலுக்கு அது 5 பாகை போலத் தெரியும். பக்கக் கண்ணாடிகளை உயர்த்திவிட்டால் அவ்வளவு காற்று உள்ளே வராது. வருவதும் முன்னாலிருந்து வராது. முன்கண்ணாடிக்கு மேலால் போன காற்று, பின்னால் சுழன்று, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவால் திரும்பிப் பிடரியில் விழும். நெஞ்சைப் பொத்திக்கொண்டு போனவனுக்கு அடி பின்கழுத்தில். ஆகவே ஜக்கெட்டின் தடிப்பை விட அதன் கழுத்துப்பட்டிதான் எனக்கு முக்கியம்.

தூவி ஜக்கெட்

தாரா, வாத்துகளின் மென்தூவி அடைத்த, தலையணை போல உப்பிய ஜக்கெட். எடைக்குக் கிடைக்கும் சூட்டில் இதை வெல்ல வேறொன்றும் இல்லை. சுருட்டினால் ஒரு பாண் அளவுதான், இந்தக் காரின் சின்ன டிக்கிக்கு அது பெரிய வசதி. முதல் பயணத்தில் நான் நம்பிப் போனது இதைத்தான்.

கினிகத்தேனை தாண்டி வட்டவளையில் மழை பிடித்தது. இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் பக்கங்களில் அது ஒன்று, நான் யோசித்திருக்க வேண்டும். கூரையை மூடுவதற்குள் தோள் இரண்டும் நனைந்தன. மூடிய பிறகும் பழைய றப்பர் இடுக்குகளால் சொட்டிக்கொண்டே இருந்தது. (2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இங்கே ஓடும் இந்தவகைக் கார்கள் பலவற்றுக்கும் நல்ல வயதாகிவிட்டது.) தூவி நனைந்தால் கட்டிபட்டுவிடும். காற்றைப் பிடித்து வைக்கும் உப்பல் போய்விட்டால் சூடும் போய்விடும். "டேய் மச்சான், நனைஞ்ச தாரா மாதிரியே இருக்கிறாய்" என்றான் அவன். தலவாக்கலையில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அரைமணி நேரம் நடுங்கினேன்.

சீட் பெல்ட் விசயமும் இருக்கிறது. உப்பிய ஜக்கெட்டுக்கு மேலால் பெல்ட்டைப் போட்டால் அது உடம்பை இறுக்கிப் பிடிப்பதில்லை. மோதலில் உப்பல் அமுங்கும்போது அந்த இடைவெளி அப்படியே தளர்வாகிவிடும். தடித்த தூவி ஜக்கெட் எனக்கு வேண்டாம் என்றானதற்கு மழையை விட இதுதான் பெரிய காரணம்.

லெதர்

சிநேகிதனின் கட்சி இது. காற்று ஊடுருவாது, இடுப்போடு நிற்கும், பெல்ட் சரியாகப் படியும், படத்திலும் நன்றாக விழும் (அவனுக்கு இது முக்கியம்). உள்ளே ஆட்டு ரோமம் வைத்த வகை, இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் சூடில்லாத விமானங்களில் போட்டது. நுவரெலியாவுக்கு அது கொஞ்சம் அதிகம். சாதாரண லெதருக்கு உள்ளே ஒரு சுவெட்டர் போதும்.

ஆனால் சூடு லெதரில் இல்லை, அது காற்றை மறிக்கிற ஒரு சுவர் மட்டும்தான். பெரும்பாலான லெதர் ஜக்கெட்டுகளின் கழுத்துப்பட்டி சட்டைக் கொலர் மாதிரி மடிந்து கிடக்கும், பிடரி வெளியே. நேராக நிமிரும் குட்டைப் பட்டி உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். மற்றது, வருசத்தில் நாலு நாள் போடும் உடுப்பு மீதி நாட்களைக் கொழும்பு அலுமாரியில் கழிக்கும். நம் ஈரக்காற்றில் அது பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துக் காற்றாட விட வேண்டும். அவனுடையதில் போன மாரியில் வெள்ளைப் புள்ளிகள் பூத்திருந்தன.

மெழுகு பூசிய பருத்தி ஜக்கெட் பற்றி ஒரு வரி போதும். மழைக்கு நல்லது, ஆனால் மெழுகு கார் இருக்கையில் அப்பும், கொழும்பு வெக்கையில் பிசுபிசுக்கும்.

ஃபிளீஸும் காற்றுத்தடுப்பும்

மூன்றாம் பயணத்தில் நான் போட்டது ஒன்றல்ல, இரண்டு. உள்ளே மெல்லிய ஃபிளீஸ் (ரோமம் போல மெதுவான செயற்கைத் துணியில் தைத்த மேற்சட்டை), வெளியே அடைப்பு எதுவும் இல்லாத, காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜக்கெட். படத்துக்கு இது எடுபடாது, தபால் கொடுக்க வந்தவர் போல இருப்பீர்கள். ஆனால் அவிசாவளை வரை டீசேர்ட், கித்துல்கலையில் ஃபிளீஸ், ஹற்றனில் மேல் ஜக்கெட் என்று பாதையோடு சேர்த்து உடுப்பையும் ஏற்றிக்கொண்டு போகலாம். முப்பது பாகையில் தொடங்கிப் பத்தில் முடிகிற பயணத்துக்கு இந்த வசதியை ஒற்றை ஜக்கெட் தராது. நனைந்தாலும் ஃபிளீஸ் சூட்டை முழுக்கக் கைவிடாது, பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். சிப்பைக் கடைசி வரை இழுத்தால் இரண்டு கழுத்துப்பட்டிகளும் சேர்ந்து பிடரியை மூடிவிடும்.

தலைமூடி உள்ளதை வாங்காதீர்கள், அல்லது கழற்றிவிடக் கூடியதாக எடுங்கள். கூரை திறந்திருக்கும்போது அது காற்றில் படபடவென்று அடித்து ஆளைப் பைத்தியமாக்கும். நீளமும் இடுப்புக்குக் கீழே வேண்டாம், இருந்தவுடன் வயிற்றில் சுருண்டுவிடும்.

கடையில் கண்ணாடிக்கு முன் நின்று அளவு பார்ப்பதில் பயனில்லை. ஒரு கதிரை கேட்டு, அதில் இருந்து, ஸ்டியரிங் பிடிப்பது போல இரண்டு கைகளையும் நீட்டிப் பாருங்கள். நின்றபோது மணிக்கட்டில் இருந்த ஜக்கெட் கை மேலே ஏறிவிட்டால், அந்த வழியால்தான் காற்றுப் புகும். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

எங்கே வாங்குவது? ஆடைத் தொழிற்சாலைகள் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சுகிற குளிருடுப்புகள் கொழும்புக் கடைகளுக்கும் வரும். நான் ஃபிளீஸை நுவரெலியாவின் பேல் பஜாரில், நடுங்கிக்கொண்டு போன அந்த முதல் பயணத்திலேயே பேரம் பேசாமல் வாங்கினேன். சிநேகிதன் இன்னும் லெதர்தான். போனமுறை இறங்கும்போது மட்டும் என் மப்ளரைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டான்.