வெப்லியா, என்ஃபீல்டா?
பினாங்கில் உட்கார்ந்து பழைய ரிவால்வர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், சேர்க்கத்தான் முடியாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கும், அது லேசில் கிடைக்காது. வெப்லி, என்ஃபீல்ட் என்ற இரண்டு பழைய பிரிட்டிஷ் ரிவால்வர்களில் எதை வாங்கலாம் என்று ஆலோசனை கேட்டதென்னவோ அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன்.

என் ஓட்டு, பிரிட்டிஷ் படை 1915இல் ஏற்ற வெப்லி மார்க் 6-க்கே. .455 குண்டு (இந்த எண் அங்குலக் கணக்கில் குண்டின் பருமன்), ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்குமேல் எடை. தாழை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒன்றாக எம்பி விழும்; அந்த அழகுக்கே காசு கொடுக்கலாம். ஆனால் வாங்குமுன் சுழல் உருளையின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டாவான .45 ஏசிபி நுழைய அதைச் சீவிவிட்டவை ஏராளம். விலை குறைவு, மதிப்பும் குறைவு. கடையில் விற்கும் வழக்கமான .45 தோட்டாவின் அழுத்தம் அதற்கு ஆகாது என்பது வேறு.

1932இன் என்ஃபீல்ட் எண் 2 அடக்கமானது; .38 குண்டு, உதையும் குறைவு. 1938இல் சுத்தியலில் கட்டைவிரலால் இழுக்கும் கொம்பை நீக்கிய வகை வந்தது. பழையவற்றிலும் பெரும்பாலானவற்றைப் பிறகு அப்படியே மாற்றிவிட்டார்கள். கொம்போடு ஒன்று அகப்பட்டால் மட்டும் வெப்லியை மறந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.