கணபதி ஜெராக்ஸ் கடை: ஐந்துக்கு மூன்றரை

ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் மதிப்புரையா என்று சிரிக்காதீர்கள். கடந்த ஏழு மாதத்தில் நான் அதிகம் போன இடம் இதுதான்.

கோவை கணபதியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சந்தில், பேக்கரிக்குப் பக்கத்துக் கடை. பலகையில் லேமினேஷன், ஆன்லைன் பதிவு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது. நடப்பதென்னவோ வேலை தேடுபவர்களுக்கு பயோடேட்டா அடித்துக்கொடுக்கும் தொழில். ஒரு பக்கம் ஐம்பது ரூபாய். திருத்தத்துக்குத் தனிக்காசு கிடையாது.

நான் இருபத்திரண்டு வருடம் லேத் ஓட்டியவன். பம்ப் செட்டுக்கு ஷாப்ட் கடைந்துகொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறை. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியதிலிருந்தே முதலாளி நிலைக்கட்டணத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். ஆறு மெஷின் நான்காகி, நான்கு இரண்டாகி, பொங்கல் நோம்பி முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டார்.

கடையில் தட்டச்சு செய்பவரை எல்லோரும் அம்மணி என்றே கூப்பிடுகிறோம். ‘லேத் வேலை, 22 வருட அனுபவம்’ என்று நான் எழுதிக்கொண்டு போன தாளைப் புரட்டிப் பார்த்தார். வேறு எதுவும் இல்லை.

“சி.என்.சி. தெரியுங்களா அண்ணா? ஆபரேட்டிங் மட்டுமா, செட்டிங்குமா? ஃபேனக்கா, சீமென்ஸா?”

சி.என்.சி. என்றால் கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்; ஃபேனக்கும் சீமென்ஸும் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியின் கம்பெனிகள்; வேலைக்கேற்ப மெஷினைத் தயார் செய்வது செட்டிங். அம்மணி பட்டறைக்குள் கால் வைத்தவரே இல்லை. ‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாராம். கடைசி மூன்று வருடம் ஃபேனக் மெஷினில் செட்டிங்கும் செய்தேன். அதை எழுத எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு வரி ஏறிய வாரமே இரண்டு இடங்களிலிருந்து போன் வந்தது. வயது 47 என்றதும் வைத்துவிட்டார்கள், அது அம்மணியின் குற்றமில்லை. இதற்கு முன் காந்திபுரத்தில் மாடியில் இருந்த ஓர் ஏஜென்சிக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து, இரவுக் காவலாளி வேலைக்கு அனுப்பப்பட்டவன் நான்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பிக்கவும் இங்கேதான் வருகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. ஐந்து வருடம் பதிவில் காத்திருந்தால் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. என் பிரிவுக்கு வயது வரம்பு 40. எனக்கு அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது.

வாசல் பெஞ்சுக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பெண். திருப்பூரில் பனியன் தைக்கும் பவர்டேபிள் மெஷின் ஓட்டிய ஒருவர் போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தினம் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கிய சமயத்தில் ஒரு ஷிப்ட் ஆனது, பிறகு வாரத்துக்கு நான்கு நாள். வேலை போயிற்றா என்றால் போகவில்லை, வாடகைதான் கட்ட முடியவில்லை. மத்திய அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில், நடப்பு வார நிலைப்படி, ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். 2025 ஏப்ரல் மாதக் கணக்கிலிருந்து வேலையின்மைச் சதவீதத்தை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். நானும் செவ்வாயும் வெள்ளியும் நண்பர் பட்டறையில் அரை நாள் கடைகிறேன். ஆக, அந்த பெஞ்சில் அன்று வேலையில்லாதவர் யாருமே இல்லை! ‘தற்போதைய பணி’ என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அம்மணி கேட்டபோது நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மணியே ‘பகுதி நேரம்’ என்று தட்டச்சு செய்துவிட்டார்.

ஒன்றரையை எதற்குக் குறைத்தேன் என்றால், காலையில் போகாதீர்கள். அப்போது அம்மணியின் தம்பி உட்கார்ந்திருப்பார், பார்வை முழுக்கக் கைப்பேசியில். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விழுங்கி லேத் ஓட்டும் டர்னரான என்னை சுருதி கூட்டும் டியூனர் ஆக்கிவிட்டார். நேர்காணலில் கேட்டார்கள், வீணையா வயலினா என்று. பத்து நகல் எடுத்திருந்தேன். மிச்சம் ஒன்பதின் பின்பக்கத்தில் மகள் கணக்குப் போடுகிறாள்.