சாம்சங் ரூட்டா, ஷாவ்மி ரூட்டா?

மார்த்தாண்டத்துல எந்த மொபைல் கடைக்குப் போனாலும் சாம்சங்கும் ஷாவ்மியும் ஒரே கண்ணாடி ஷெல்ஃப்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஆனா ரெண்டும் உலக மார்க்கெட்ட புடிச்ச வழி வேற வேற.

சாம்சங்குக்கு முடிஞ்சவரை எல்லாம் சொந்தமா செய்யணும். டிஸ்ப்ளே, மெமரி சிப் ரெண்டும் சொந்தக் குரூப்லயே வருது, போட்டியாளனோட ஐபோனுக்கே ஸ்கிரீன் விக்குறான்னா பாத்துக்கிடுங்க! 1995ல தென்கொரியாவுல இருக்குற குமி ஃபேக்டரில குவாலிட்டி சரியில்லன்னு ஃபோன் எல்லாத்தயும் தொழிலாளிங்க கண்ணு முன்னாலயே குவிச்சுப் போட்டு எரிச்சாங்க, அந்த வெறிதான் பின்னால வியட்நாம், நொய்டா, ஸ்ரீபெரும்புதூர்னு ஃபேக்டரி போடுற அளவுக்கு கொண்டு போச்சு. என்ன, இதுக்கு காசு கொட்டணும்.

ஷாவ்மி 2010ல தொடங்குனது. 2014ல இந்தியா வந்தப்ப ஃப்ளிப்கார்ட்ல ஃபிளாஷ் சேல், அதாவது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஆன்லைன்ல தொறக்குற விற்பனை மட்டும்தான், கடை வாடகை இல்ல, டீலர் கமிஷன் இல்ல, ஃபோன் செஞ்சு குடுக்க ஃபாக்ஸ்கான். 2018ல ஹார்டுவேர்ல 5 சதவீதத்துக்கு மேல நிகர லாபம் எடுக்க மாட்டோம்னே சொன்னாங்க. அதுக்கு முன்னாடியே 2017 கடைசில இந்திய மார்க்கெட்ல சாம்சங்க முந்தியாச்சு. ஆனா தொட்டுப் பாத்து வாங்குற நம்ம ஆளுங்களப் புடிக்க பின்னால கடையும் தொறக்க வேண்டியதாச்சு, சாம்சங்கோ 2019ல எம் சீரிஸ் ஃபோன ஆன்லைன்ல இறக்குனான்.

நாகர்கோவில்ல இருந்து ஒருத்தர் சார்ஜரோ இன்வெர்ட்டரோ செஞ்சு கல்ஃபுக்கு அனுப்பணும்னா ஷாவ்மி ரூட்தான் கைக்கு அடங்கும், சர்வீசுக்கு மட்டும் அங்க ஆளு வச்சிரணும்.