உபுண்டு ஆட்டோ அப்டேட்: பேட்ச் தானா போகட்டும், ரீபூட் நம்ம கையில

சிங்கப்பூர் தேக்கா பக்கம் சில கடைகளுக்கு பில்லிங் சர்வர் பாத்துக்கற ஆளு நான், எல்லாமே உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்), அதுல கூடவே வர்ற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் பத்திதான் இந்த ரிவ்யூ.

செக்யூரிட்டி பேட்ச, அதாவது சாஃப்ட்வேர் ஓட்டைய அடைக்கற அப்டேட்ட, தானா எறக்கி தானா போட்டுடும், இதுக்கே முழு மார்க் குடுப்பேன். 2017ல ஃபைல்கள பூட்டிட்டு பணம் கேட்ட வன்னாக்ரை வைரஸ் ஞாபகம் இருக்கா, மைக்ரோசாப்ட் மார்ச்லயே பேட்ச் குடுத்தாச்சு, வைரஸ் வந்தது மே மாசம், அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டவங்கதான் பெரும்பாலும் மாட்டுனாங்க. பேட்ச மேனுவலா போடறேன்னு சொல்றவங்கள்ல பாதிப்பேர் போடறதே இல்ல!

ரீபூட் கதை வேற. கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) மாறினா ரீபூட் பண்ணாதான் புதுசு வேலைக்கு வரும், ஆனா உபுண்டு அதுவா பண்ணாது, நாம ஆன் பண்ணணும். ஆன் பண்றவங்க ஒண்ணு கவனிங்க, செட்டிங் ஃபைல்ல சாம்பிளா இருக்கற நேரம் 02:00, கிளவுட் சர்வர் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) டைம்லதான் வரும், அப்படின்னா சிங்கப்பூர்ல காலைல 10 மணி, கவுண்டர்ல கஸ்டமர் நிக்கற நேரம்! யாராவது லாகின்ல இருந்தாலும் டிஃபால்ட்டா ரீபூட் ஆயிடும், அதையும் மாத்தணும். டைம்சோன மொதல்ல சிங்கப்பூருக்கு மாத்திடுங்க.

விண்டோஸ்ல ஆக்டிவ் ஹவர்ஸ், அதாவது அதுவா ரீபூட் ஆகக்கூடாதுன்னு நாம குறிக்கற நேரம், அதிகபட்சம் 18 மணி நேரம்தான், ராத்திரி பகலா ஓடற கடைக்கு அது எப்படி பத்தும் சொல்லுங்க.

நான் கடை மூடினதும் "அண்ணே, பில்லு க்ளோஸ் பண்ணியாச்சா"ன்னு முதலாளிகிட்ட கேட்டுட்டுதான் ரீபூட் போடுவேன், டேட்டாபேஸ் எழுந்துச்சா, ஒரு ரசீது பிரிண்ட் ஆகுதான்னு பாத்துட்டுதான் கெளம்புவேன், ஏதாச்சும் மக்கர் பண்ணா க்ரப் மெனுவுல (மெஷின் பூட் ஆகறப்ப வர்ற லிஸ்ட்) பழைய கெர்னல் இருக்கு, அதுல பூட் பண்ணிக்கலாம். இந்த நிம்மதி ஆட்டோ ரீபூட்ல கெடைக்காது.

2024 ஜூலை 19 க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற செக்யூரிட்டி கம்பெனியோட தப்பான அப்டேட்டால சாங்கி ஏர்போர்ட்ல சில ஏர்லைன் கையால செக்கின் பண்ண வேண்டியதாச்சே, அப்போ ஆட்டோவே வேணாமேன்னு கேப்பீங்க. நான் ஒத்துக்க மாட்டேன், முக்கியமில்லாத ஒரு மெஷினுக்கு அப்டேட்ட ஒரு நாள் முன்னாடி போக விட்டு பாருங்க, மத்தது அடுத்த நாள் போகட்டும்.

ஒரு மார்க் கொறைக்கறேன். ரீபூட் வேணும்ங்கறத லாகின் பண்ணாதான் காட்டுது, மெயில் வரணும்னா நாமளே செட் பண்ணணும், யாரும் உள்ள போகாத சர்வர் மாசக்கணக்கா பழைய கெர்னல்லயே ஓடிட்டு இருக்கும். 5க்கு 4.