பால் கக்கும் குழந்தைக்குச் சாய்வு மெத்தை வாங்கி ஏமாந்தேன், நீங்கள் வாங்காதீர்கள்

நேற்று இரவோடு, மெத்தையை விற்ற இணையக் கடைக்காரர்கள் என் எண்ணையும் தடை செய்துவிட்டார்கள். அரை மாதச் சம்பளம் போயே போய்விட்டது. பணம் போனதைவிட, என் கையாலேயே என் பிள்ளைக்கு ஆபத்தைச் செய்தேனே என்பதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், அதிலும் பால் கக்கும் குழந்தை வைத்திருப்பவர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் மகனுக்கு இப்போது பத்து வாரம். 36 வாரத்திலேயே பிறந்தவன். மூன்றாவது வாரத்திலிருந்து கக்க ஆரம்பித்தான். குடித்த கால் மணி நேரத்தில் திரிந்த பால் வாயோரமாக வழிந்து கழுத்து மடிப்பில் போய்த் தேங்கும். எவ்வளவு துடைத்தாலும் அந்தப் புளித்த வாடை போகாது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பாட்டிலை வைத்தால் நாலு மிடறு குடிப்பான், உடனே முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டுக் கத்துவான். பசி இருக்கும், குடிக்கமாட்டான். ஒரு நாளைக்கு எட்டு வேளை என்றால் எட்டு வேளையும் போராட்டம்.

எட்டாவது வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணி. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தேன். குழந்தைப் பொருட்கள் விற்கும் ஓர் இணையக் கடை வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிக் கடைகள் நாளைக்கே வேறு பெயரில் வரும், ஆனால் பேசும் பேச்சு இதேதான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளுங்கள், போதும்.

‘எங்கள் நிபுணர் இப்போதே பேசுவார்’ என்று ஒரு கட்டம். அழுத்தினேன். "குழந்தை பெயர் என்ன அம்மா?" என்று கேட்டார்கள். "இப்போது உங்கள் தோளில்தான் இருக்கிறானா?" என்று கேட்டார்கள். நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். அதற்கு வந்த பதில் இது: "நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை அம்மா."

ஐந்து வாரமாக யாரும் அந்த வார்த்தையை என்னிடம் சொல்லவில்லை. இருட்டில் உட்கார்ந்து அழுதேன். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். அடுத்த செய்தியே பணம் கட்டும் இணைப்பு.

சாய்வு மெத்தை ஒன்று, குழந்தை சரியாமல் இருக்க இடுப்பில் கட்டும் பட்டையோடு. பாலைக் கெட்டியாக்கும் பொடி. ஒரு மாதத்துக்கு நிபுணர் ஆலோசனை. எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம். கட்டுவதற்கு முன்னால் தெளிவாகக் கேட்டேன்: "36 வாரத்தில் பிறந்த குழந்தை, இந்தப் பொடி கொடுக்கலாமா?" "முழுக்க இயற்கையானது அம்மா, தைரியமாகக் கொடுங்கள்." அந்தப் பதிலைப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் பொட்டலம் வந்தது. பொடிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கலக்கிக் கொடுத்தால் நிப்பிள் வழியாகப் பால் இறங்கவே இல்லை. நிபுணரிடம் கேட்டேன். "கத்தரிக்கோலால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்." நானும் வெட்டினேன்.

முதல் நாள் தப்பித்தோம். இரண்டாம் நாள் மாலை, முதல் மிடறிலேயே வாய் நிறையப் பால் பாய்ந்து புரையேறிவிட்டது. இருமல்கூட வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை, முகம் கருஞ்சிவப்பாக மாறுகிறது. என் கணவர் பிடுங்கி, கை மேல் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி முதுகில் ஓங்கித் தட்டியதும்தான் அழுகை வந்தது. சில விநாடிதான் இருக்கும். இதை எழுதும்போதும் என் விரல் நடுங்குகிறது.

மெத்தையும் லட்சணமாக இல்லை. படுக்க வைக்கும்போது நேராக இருப்பான். பட்டை கட்டியும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கீழே சரிந்து, முகவாய் நெஞ்சில் அமுங்க, வயிறு மடங்கிக் கிடப்பான். கைப்பேசியில் சாய்வை அளந்து பார்த்தேன், 18 டிகிரி.

மறுநாள் காலை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முதலில் எடை பார்த்தார். 4.2 கிலோ. பிறந்ததிலிருந்து வாரத்துக்குச் சராசரி 180 கிராம் ஏறியிருக்கிறான், வளர்ச்சியில் குறையே இல்லை என்றார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வால்வு மாதிரி ஒரு தசை இருக்கிறது, அது இன்னும் பக்குவப்படவில்லை, அதனால் பால் மேலே வருகிறது. நூற்றில் 40 குழந்தைகளுக்காவது இது உண்டு, பெரும்பாலும் 8 வாரத்துக்குள் தொடங்கும், பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே நின்றுவிடும் என்றார். அப்புறம், "என் முன்னால் பால் கொடுங்கள்" என்றார். வேறொரு பாட்டிலில் கொடுத்தேன். ஒரு நிமிடம்தான் பார்த்தார். உதட்டோரம் வழிகிறது, மூச்சு விடக்கூட நேரமில்லாமல் மடக் மடக்கென்று விழுங்குகிறான், நிப்பிள் வேகம் இவனுக்கு அதிகம், அதற்குப் பயந்துதான் தலையைத் திருப்புகிறான் என்றார். கக்கியதை ஈடுகட்ட நான் மறுபடி மறுபடி பாட்டில் வைத்து, நாளுக்கு 900 மில்லி வரை கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மில்லிதான் கணக்காம், இவனுக்கு 630.

மெதுவாக இறங்கும் நிப்பிள், பாட்டிலைக் கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடிப்பது, நடுநடுவே நிறுத்தி ஏப்பம் எடுக்க வைப்பது, குடித்த பிறகு அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது. இவ்வளவுதான் சொன்னார். இன்னும் கக்குகிறான். ஆனால் கத்துவதில்லை, குடிக்கிறான்.

மெத்தையைப் பற்றிச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. சாய்வில் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் விழுந்தால் மூச்சுக்குழாய் மடங்கிவிடும், கக்கும் குழந்தையானாலும் சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்றார். மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா என்று கேட்டேன். அந்தக் கிடையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது, மேலே வரும் பால் அதற்குள் எளிதில் ஏறாது என்று தாளில் வரைந்து காட்டினார். வீட்டுக்கு வந்து தேடினேன். 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள தூங்கும் சாதனங்களைக் கைக்குழந்தைகளுக்கு விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2022-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு கெட்டியாக்கும் பொருளைக் கொடுக்க வேண்டாம், குடல் பாதிப்பு வரலாம் என்று அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது 2011-ல். நான் 36 வாரம் என்று எழுதிக் கேட்டேனே!

அன்றே கடைக்கு எழுதினேன். "குழந்தை பழகுவதற்குப் பதினான்கு நாள் ஆகும் அம்மா" என்றார்கள். புரையேறியதைச் சொன்னேன். "ஓட்டையை அதிகமாக வெட்டிவிட்டீர்கள்" என்றார்கள். பணம் கேட்டேன். ‘அம்மா’ போய் ‘வாடிக்கையாளர்’ வந்துவிட்டது: "பிரித்த பொருளைச் சுகாதாரக் காரணங்களுக்காகத் திரும்பப் பெற இயலாது." சரி, ஆலோசனைக்கு வாங்கியதையாவது கொடுங்கள் என்றேன். அது இலவச இணைப்பாம், அதற்கென்று தனித் தொகை கிடையாதாம். மருத்துவர் சீட்டை அனுப்பினேன். "மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம், 48 மணி நேரம்." 48 மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து, முதலிலிருந்து, "குழந்தை பெயர் என்ன அம்மா?"

ஒன்பது நாளில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், அந்த ‘நிபுணர்’ என்ன படித்திருக்கிறார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தடை. அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு வரி பதில்கூட இல்லை. வங்கியில் புகார் எழுதியிருக்கிறேன், வருமா என்று தெரியாது.

விவரமாக எழுத நினைத்தேன், அவன் எழுந்துவிட்டான். அவசரமாக நாலு வார்த்தை. பச்சையாகவோ ரத்தத்தோடோ வாந்தி எடுத்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், டயப்பர் நனைவது குறைந்தால், காய்ச்சலோ உச்சிக்குழி புடைப்போ இருந்தால் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் சொல்லாமல் பாலில் எந்தப் பொடியும் கலக்காதீர்கள். நிப்பிளை வெட்டாதீர்கள். யார் விற்றாலும், எத்தனை பட்டை கட்டியிருந்தாலும், சாய்வு மெத்தையில் தூங்க வைக்காதீர்கள். மூன்று மணி ராத்திரியில் பணம் கட்டாதீர்கள்.

மெத்தையை வேறு யாருக்காவது விற்றால் பாதிப் பணமாவது வரும் என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். நிப்பிளை வெட்டிய அதே கத்தரிக்கோலால் பட்டையையும் உறையையும் வெட்டி, உள்ளே இருந்த பஞ்சைத் துண்டு துண்டாக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.